மொய்னாவுக்கு டாஃப்னியாவின் பிரைமர் பொருந்துமா? சொந்த மார்க்கர் உருவாக்கும் வழி

கேள்வி: பேர வாவி, தியவன்னா ஓயா, தலங்கம குளம் மூன்றிலிருந்தும் மொய்னா மைக்ரூரா என்ற நீர்த்தெள்ளைச் சேகரித்திருக்கிறேன். இவற்றின் குடித்தொகைகள் ஒன்றோடொன்று கலக்கின்றனவா என்பதே என் முதுமாணி ஆய்வு. டாஃப்னியா என்ற இன்னொரு நீர்த்தெள்ளுக்கென வெளியான 12 மைக்ரோசாட்டலைட் (சில எழுத்துகள் மீளமீள வரும் டி.என்.ஏ. இடம்) பிரைமர் (அந்த இடத்தின் இரு பக்கமும் ஒட்டும் குட்டை டி.என்.ஏ.) சோடிகளில் இரண்டுதான் வேலை செய்கின்றன. அவையும் எல்லா விலங்கிலும் ஒரே அளவுப் பட்டையைத்தான் தருகின்றன. டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். வெப்பநிலையை மாற்றிப் பார்க்கவா, புதிய மார்க்கர் (அடையாள இடம்) உருவாக்கவா?
– ஆய்வு மாணவி, கொழும்பு

பதில்: வெப்பநிலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். டாஃப்னியாவும் மொய்னாவும் வெவ்வேறு குடும்பங்கள். பிரைமர் ஒட்டவேண்டிய பக்கத் தொடர்கள் எப்போதோ மாறிப்போய்விட்டன. அவ்வளவு தூரம் தாண்டியும் ஓர் இடம் மாறாமல் நிற்கிறது என்றால், பெரும்பாலும் அது புரதத்துக்கான பரம்பரை அலகுக்குள்ளோ அதன் அருகிலோ இருக்கும். மாற அனுமதி இல்லாத இடத்தில் எதிருருக்கள் (ஒரே இடத்தின் மாற்று வடிவங்கள்) பெருகாது. உங்கள் இரண்டு பிரைமர்களும் ஒரே பட்டையைத் தருவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். மொய்னாவின் சொந்த டி.என்.ஏ.யிலிருந்தே மார்க்கரை எடுங்கள்.

அதற்கு முன், மூன்று நீர்நிலைகளிலும் இருப்பது ஒரே இனம்தானா என்று உறுதிப்படுத்துங்கள். மொய்னா மைக்ரூரா என்ற ஒரே பெயருக்குள், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பல வழிமரபுகள் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலிருந்தும் 8 முதல் 10 விலங்குகளை எடுத்து, 1994இல் வெளியான ஃபோல்மர் பிரைமர்களால் இழைமணியிலுள்ள சி.ஓ.ஐ. என்ற பரம்பரை அலகின் துண்டைப் பெருக்கி வரிசைப்படுத்துங்கள்; 658 எழுத்துகள் கிடைக்கும். அவை 5 சதவீதத்துக்கு மேல் விலகிய இரு கூட்டங்களாகப் பிரிந்தால், இரண்டையும் ஒரே ஆய்வில் கலக்காதீர்கள். கலந்தால், வேறு இனம் என்பதே “பிரிந்த குடித்தொகை” போலத் தெரியும். தொடரின் நடுவில் நிறுத்தக் குறியீடு (புரதம் முடியும் அடையாளம்) வந்தாலோ, வரைபடத்தில் இரட்டை முகடுகள் தொடர்ந்து வந்தாலோ, கலக்கருவுக்குள் புகுந்த போலிப் பிரதியைப் பெருக்கியிருக்கிறீர்கள் என்று சந்தேகியுங்கள்.

அடுத்த சிக்கல் டி.என்.ஏ. அளவு. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஒரு விலங்கில் சில நனோகிராம்தான் தேறும். ஆனால் மொய்னா தானே ஒரு வழி தருகிறது: ஆணில்லாமலே பெண் ஈனும் கன்னிப்பிறப்பு. ஒரேயொரு பெண்ணைத் தனிக் குவளையில் விடுங்கள். அதே குளத்து நீரை 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து ஊற்றி, குளோரெலா என்ற பச்சைப்பாசியை நீர் இளம்பச்சையாகும் அளவுக்கு மட்டும் இடுங்கள். குழாய்நீரின் குளோரின் இவற்றைக் கொன்றுவிடும். கொழும்பின் 28 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளிலேயே குஞ்சு பொரிக்கும். சில வாரங்களில் ஒரே பிறப்புரிமையமைப்பு உடைய 500 விலங்குகள், அதாவது ஒரு குளோன், கையில் இருக்கும். முதுகில் சேணம்போல் கருத்த எபிப்பியம் என்ற முட்டையுறை தாங்கிய பெண்களை மட்டும் விலக்குங்கள். அதனுள் இருக்கும் முட்டை கலவிவழி வந்தது, ஆணின் டி.என்.ஏ.யும் சேர்ந்துவிடும். பிரித்தெடுப்பதற்கு முந்திய இரவு வடித்த நீரில் பட்டினி போடுங்கள். பேர வாவி விலங்குகளுக்கு இது கட்டாயம். குடல் நிறைய மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி இருந்தால், அதன் பசை பி.சி.ஆரைத் தடுக்கும், அதன் டி.என்.ஏ. வரிசைப்படுத்தும் வாசிப்புகளில் பெரும்பங்கை விழுங்கக்கூடும். டி.என்.ஏ. அளவைக் கியூபிட் என்ற ஒளிர்வுமானியில் பாருங்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் நனோட்ராப் பெரும்பாலும் கூட்டிச் சொல்லும்.

இனிச் சொல்வதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மார்க்கரை ஒரே வாவியின் ஒரே குளோனிலிருந்து வடிவமைக்காதீர்கள். பேர வாவிக் குளோனை வைத்துச் செய்த பிரைமர் அங்கே அழகாக ஒட்டும். தலங்கமவில் ஒட்டுமிடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே சில எதிருருக்கள் பெருகாமல் மறைந்துவிடும். பிறகு நீங்கள் அளப்பது குடித்தொகை வேறுபாட்டை அல்ல, பிரைமரின் ஓரவஞ்சனையை. ஆகவே மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொரு குளோன் வளர்த்து, தனித்தனிக் குறியீட்டோடு ஒரே ஓட்டத்தில் வரிசைப்படுத்துங்கள். டாஃப்னியா பூலெக்ஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 200 மெகாபேஸ் (20 கோடி எழுத்து). அந்த அளவை வைத்துக் கணக்கிட்டால் குளோனுக்கு 2 கிகாபேஸ் (200 கோடி எழுத்து), ஒவ்வோர் எழுத்தையும் சராசரி பத்து முறை வாசிக்கப் போதும். 250 அல்லது 300 எழுத்து நீளும் இருபக்க வாசிப்பை வாங்குங்கள். குட்டை வாசிப்பில் மீள்தொடரும் இரு பக்கத் தொடர்களும் ஒருசேர அகப்படாது.

மீள்தொடர்களை மிசா என்ற மென்பொருளில் தேடி, பிரைமர்3இல் வடிவமைக்கலாம். இரண்டெழுத்து மீள்தொடரென்றால் குறைந்தது 10 முறை, நான்கெழுத்தென்றால் 6 முறை. விளைபொருள் 100 முதல் 350 எழுத்து. மூன்று குளோன்களிலும் நீளம் வேறுபடுவதையும், பிரைமர் இடம் மாறாதிருப்பதையும் திரையிலேயே பார்த்துத் தெரிவுசெய்யலாம். ஆய்வுகூடத்தில் பல மாதங்கள் மிச்சமாகும். பக்கத் தொடர் மரபுத்தொகுதியில் பல இடங்களில் வந்தால் கைவிடுங்கள். 48 சோடிகளில் தொடங்கினால், சோதனை முடிவில் 12 எஞ்சினாலும் மகிழ்ச்சிதான்.

எல்லாவற்றுக்கும் ஒளிர்சாயம் ஒட்டிய பிரைமர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முன் பிரைமரின் நுனியில் எம்13 என்ற பொதுத் தொடரை வாலாகச் சேர்த்து, சாயத்தை ஒரேயொரு பொது எம்13 பிரைமரில் வையுங்கள். வால் பிரைமர் 0.04, பின் பிரைமர் 0.16, சாயப் பிரைமர் 0.16 மைக்ரோமோலர், வழக்கமான 30 சுற்றுக்குப் பின் 53 பாகையில் 8 சுற்று. வால் பிரைமரைக் கூட்டினால் சாயமில்லாத விளைபொருளே பெருகி, முகடு படுத்துவிடும்.

தனி விலங்குகளின் டி.என்.ஏ.யைப் பிரிக்க செலெக்ஸ் என்ற பிசின்மணிகள் போதும். எதனோலிலிருந்து எடுத்த விலங்கைக் காய்ச்சிவடித்த நீரில் அரை மணிநேரம் ஊறவிட்டு, 5 சதவீதச் செலெக்ஸ் 50 மைக்ரோலீற்றரும் புரோட்டினேஸ் கே 1 மைக்ரோலீற்றரும் சேர்த்து, 56 பாகையில் 2 மணிநேரம், 95 பாகையில் 10 நிமிடம். பிறகு சுழற்றி, மேல்நீரில் 1 மைக்ரோலீற்றர் எடுங்கள். ஒரு செலெக்ஸ் மணி கூட வந்தாலும் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பி.சி.ஆரைக் கெடுக்கும். போமலினில் இட்ட பழைய மாதிரிகளை இதற்கு நம்ப வேண்டாம்.

துண்டுகளின் நீளம் காட்டும் வரைபடத்தில் முகடுகளை வாசிக்கும்போது மென்பொருளின் தானியங்கி முடிவை ஏற்காமல் கண்ணால் பாருங்கள். இரண்டெழுத்து மீள்தொடரில் உண்மை முகட்டுக்கு இடப்பக்கம் இரண்டிரண்டு எழுத்து குறைந்து படிப்படியாகச் சிறுக்கும் நிழல் முகடுகள் நிற்கும். இரண்டு எதிருருக்கள் இரண்டே எழுத்தால் வேறுபட்டால், சிறியதை நிழல் என்று தள்ளிவிடுவது எளிது. நிழலென்றால் வலதைவிடத் தாழ்ந்திருக்கும். ஏறக்குறைய சமமாகவோ உயர்ந்தோ நின்றால் அது எதிருருவே. ஒரே எதிருரு மட்டும் உள்ள ஓரினநுகமாகத் தெரிபவற்றை இன்னொரு முறை பெருக்கிப் பாருங்கள். டி.என்.ஏ. குறைந்தால் நீண்ட எதிருரு முதலில் காணாமற்போகும். அப்போதும் ஓரினநுகங்கள் அளவுக்கு மிஞ்சி நின்றால், பிரைமரை 30 எழுத்து வெளியே நகர்த்தி அதே விலங்குகளில் சோதியுங்கள். புது எதிருரு தோன்றினால் முன்னைய பிரைமரில் ஓர் எதிருரு மறைந்திருந்தது என்று உறுதி.

கடைசியாகப் பகுப்பாய்வு. இடத்துக்கு 40 விலங்குகள், ஒரே வாரத்தில், வாவியின் பல முனைகளிலிருந்து. ஒரே வாளியில் அள்ளினால் 40உம் ஒரு தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். எல்லா மார்க்கர்களிலும் ஒரே பிறப்புரிமையமைப்பு மீண்டும் மீண்டும் வந்தால் அவை பிரதிகள். ஹார்டி–வைன்பேர்க் சோதனையை (பிறப்புரிமையமைப்புகள் எதிர்பார்த்த விகிதத்தில் உள்ளனவா என்பதை) எல்லா விலங்குகளோடு ஒருமுறையும், பிரதிகளை ஒன்றாக்கி ஒருமுறையும் செய்யுங்கள். இரு வேறு எதிருரு உள்ள இதரநுகங்கள் மிகுவதையும் இணைப்புச் சமனின்மையையும் (வெவ்வேறு இடங்களின் எதிருருக்கள் சேர்ந்தே வருவதையும்) கண்டு மார்க்கரைக் குப்பையில் போடாதீர்கள். குளோன் பெருக்கத்தின் தடம் அது. சில கிலோமீற்றர் தள்ளி நிற்கும் குளங்களிடையே பெரிய வேறுபாடு வந்தாலும் திடுக்கிட வேண்டியதில்லை. முதலில் வந்து சேர்ந்த சில குளோன்கள் பெருகி, அடிச்சேற்றில் உறங்கும் முட்டை வங்கியையும் நிரப்பிவிட்டால், பறவைக் காலில் ஒட்டி வரும் எபிப்பியங்களுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

பெல்லன்வில–அத்திடியவையும் சேர்க்க நினைத்தால், அது சரணாலயம். வலையோடு இறங்குமுன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வரிசைப்படுத்த மாதிரிகளையோ டி.என்.ஏ.யையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் அதற்கான அனுமதிக்குக் குளோன் வளர்க்கத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பியுங்கள்.