மூளைக் கட்டிக்கு எத்தனை ஸ்கேன்? வாசகர் கேள்விகள்

அப்பச்சிக்கு 64 வயது. வலிப்பு வந்து காரைக்குடியில் சி.டி. எடுத்தோம், கட்டி என்றார்கள். மதுரையில் காட்டினால் எம்.ஆர்.ஐ. எடு என்கிறார்கள். ஒரே தலைக்கு எதற்கு ரெண்டு ஸ்கேன்? (பள்ளத்தூர்)

காசு பிடுங்குகிறார்களோ என்ற சந்தேகம் புரிகிறது, ஆனால் இங்கே அது பொருந்தாது. வலிப்போடு வருகிறவருக்கு முதலில் சி.டி. எடுப்பது, அது சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால்தான். ரத்தக் கசிவு, நீர்த் தேக்கம், கட்டிக்குள் படிந்த சுண்ணாம்பு இதெல்லாம் அதில் நன்றாகவே தெரியும். ஆனால் கட்டி எதுவரை, வீக்கம் எதுவரை, மூளைக்குள்ளேயே முளைத்ததா அல்லது மேலே மூடியிருக்கும் உறையிலிருந்து வளர்ந்து அமுக்குகிறதா என்று பிரித்துப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். உறையிலிருந்து வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்று அல்லாதது, அதனால் இந்த ஒரு விஷயமே ஆபரேஷன் திட்டத்தை மாற்றிவிடும். இன்னொன்று: உலகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. எடுத்ததே மூளைக் கட்டி சந்தேகத்தில்தான், 1971 அக்டோபர் 1, லண்டனில். அதற்கு முன்பு முதுகுத்தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், நோயாளிக்குத் தலைவலி உயிர்போகும்.

தம்பிக்கு 29 வயது. ரிப்போர்ட்டில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்று இருக்கிறது. நெட்டில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. (தேவகோட்டை)

நெட்டை மூடிவிட்டுச் சாப்பிடுங்கள். படத்தில் கோளாறு எடுப்பாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து வளையம் மாதிரி ஏறியிருக்கிறது என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம், நோயின் பெயர் அதில் இல்லை. நம் நாட்டில் அந்த வளையத்தைப் பார்த்தால் காசநோய்க் கட்டி, நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டி, சீழ்க்கட்டி மூன்றையும் யோசித்தே ஆக வேண்டும். மூளையிலேயே முளைக்கும் புற்றான கிளையோபிளாஸ்டோமாவும் வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். எம்.ஆர்.ஐ.யிலேயே நீர் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் வளையத்தின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தால் சீழ் பக்கம் சாயலாம், உள்ளே சின்னப் புள்ளி தெரிந்தால் நாடாப்புழு. எம்.ஆர்.ஐ.யிலேயே திசுவின் ரசாயனங்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கோலின் என்ற பொருள் ஏறி, நரம்பணுவில் இருக்கும் என்.ஏ.ஏ. என்ற பொருள் இறங்கியிருந்தால் புற்று பக்கம் சந்தேகம் கூடும். இவ்வளவு பார்த்த பிறகும் சில நேரம் சதையை எடுத்துப் பரிசோதிக்காமல் (அதுதான் பயாப்ஸி) முடிவு சொல்ல முடியாது. புற்று என்றே வந்தாலும், உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாட்டின்படி பல மூளைக் கட்டிகளுக்குப் பெயர் வைக்கவே மரபணு மாற்றம் தெரிய வேண்டும். ஸ்கேனால் ஊகிக்கத்தான் முடியும். ஆகவே "ஸ்கேன்தான் தெளிவாக இருக்கே, பயாப்ஸி எதற்கு?" என்று சண்டை போடாதீர்கள்.

அப்புறம், வீக்கம் குறையட்டும் என்று டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். லிம்ஃபோமா என்ற வெள்ளணுப் புற்று வகையாக இருந்தால் அது தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியில் ஒன்றுமே சிக்காமல் போகும்.

எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள், ஆச்சி மறுக்கிறார்கள். தங்கத்தை அந்த மெஷினில் இருக்கும் காந்தம் இழுக்குமா? (கானாடுகாத்தான்)

தங்கத்தை இழுக்காது. தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு பறக்கும், அதுதான் பயம். மூக்குத்தியும் தோடும் படத்தைக் கெடுக்கும். அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், சம்மதிப்பார்கள். பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப் இருந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் ஊசிக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

நேரடியாக பெட் ஸ்கேனே எடுத்துவிட்டால்? (புதுவயல்)

வேண்டாம். வழக்கமான பெட் ஸ்கேன் சர்க்கரையைத் தேடுகிறது. மூளை இயல்பாகவே சர்க்கரையை அள்ளிச் சாப்பிடுவதால் கட்டி அதற்குள் மறைந்துவிடலாம். வேறு இடத்திலிருந்து பரவியதோ என்று உடம்பு முழுக்கத் தேடும்போது உதவும்.

ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. மறுபடியும் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். (கோட்டையூர்)

இது பெயர் கண்டுபிடிக்க இல்லை, வழி பார்க்க. மெல்லிய அடுக்குகளாக எடுத்து ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனுக்கு வழிகாட்டும் நேவிகேஷன் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். கட்டி பேச்சு, கை கால் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளே படுத்தபடியே விரலை அசைக்கச் சொல்லி, மனதுக்குள் வார்த்தை சொல்லச் சொல்லி, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். பழைய படம் ஏன் போதாது என்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போகாமல் ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கொண்டு போங்கள். சர்ஜன் படத்தைத்தான் பார்ப்பார்.