காலங்காத்தால லைட்டுக்கு முன்னால மகள்

கேள்வி: என்ட மகள் கலியாணம் முடிச்சு நோர்வேயில, ஒஸ்லோவில இருக்கிறா. போன மார்கழி முழுக்க ஒரே படுக்கை, பாணும் இனிப்பும்தான் சாப்பாடு, எங்களோடயும் சரியாக் கதைக்கல்ல. இந்தமுறை செப்டெம்பர்லயே ஒரு வெள்ளை லைட் பெட்டி வாங்கி, காலையில அதுக்கு முன்னால இருந்துதான் வீடியோ கோல் எடுக்கிறா, டொக்டர் சொன்னதாம். லைட்டால மனசு சரியாகுமா? மாரி மழைக்குள்ள எனக்கும் ஒண்டும் செய்ய மனம் வராது, நானும் ஒண்டு எடுப்பிக்கட்டா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: பயப்படாதீங்கம்மா, மகளுக்குப் பேயும் பிடிக்கல்ல ஒண்டும் பிடிக்கல்ல. மார்கழியில ஒஸ்லோவில காலை 9 மணி தாண்டித்தான் சூரியன் எழும்பும், பின்னேரம் 3 மணி கழிய இருட்டிரும், அந்தக் காலத்தில சிலருக்கு வருசா வருசம் மனச்சோர்வு வாறது உண்மையான வருத்தம்தான், 1984லயே டொக்டர்மார் அதை விவரிச்சு எழுதிட்டாங்க. நித்திரை கூடும், மாச்சாப்பாடு தேடும், நீங்க சொன்ன அதே கதை. கண்ணுக்குள்ளால போற வெளிச்சம்தான் மூளையில இருக்கிற உடம்புக் கடிகாரத்தைச் சரியாக்கும், அதால எழும்பின கையோட 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) பெட்டிக்கு முன்னால ஒண்டரை ரெண்டு அடி தள்ளி 20–30 நிமிசம் இருக்கச் சொல்றாங்க, லைட்டை உத்துப் பாக்கத் தேவையில்ல, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே இருக்கலாம். பின்னேரம் போட்டா நித்திரை குழம்பும். வீட்டு ரியூப்லைட் இதுக்குக் காணாது, அது சில நூறு லக்ஸ்தான். வந்த சோர்வைக் குறைக்கும் எண்டதுக்கு ஆதாரம் நிறைய, வராமலே தடுக்குமா எண்டதுக்குக் கொஞ்சம்தான், எண்டாலும் போன வருசம் பட்டவ இருட்டுக் காலத்துக்கு முதலே தொடங்கினது புத்திசாலித்தனம் எண்டுதான் நான் சொல்லுவன். கண் வருத்தம் இருக்கிறவங்களும், மனநிலை திடீரெண்டு ஏறி இறங்கிற பைபோலர் வருத்தக்காரரும் டொக்டரக் கேக்காமத் தொடவே கூடாது, தலையிடி வந்தாலும் அவருக்குச் சொல்லணும்.

உங்களுக்குப் பெட்டி வேணாம். மட்டக்களப்பில மார்கழியிலயும் பகல் 11½ மணித்தியாலத்துக்கு மேல, மப்பு நேரத்திலயும் முத்தத்து வெளிச்சம் வீட்டு லைட்டை விடப் பல மடங்கு, அதால மழை விட்ட நேரம் வெளிய இறங்கி நடங்க. ரெண்டு கிழமைக்கு மேலயும் மனம் எழும்பல்ல எண்டா மழையில பழியப் போடாம டொக்டரக் காட்டுங்க, 1926 எண்ட மனநல உதவி நம்பருக்கும் எடுத்துக் கதைக்கலாம்.

மகள் லைட்டுக்கு முன்னால இருக்கிற அந்த அரை மணித்தியாலத்தில நீங்களே கோல் எடுங்க, மாரி காலத்தில அங்க காலை 7 எண்டா நமக்கு 11.30, சோறு அவியிற நேரம்தானே.