விண்வெளியிலிருந்து வரும் சிறு பெட்டியைப் பாராசூட்டைத் திருப்பித் திருப்பிக் குறித்த இடத்தில் இறக்க முடியுமா?

முடியும். ஆனால் பாராசூட்டின் வேலை கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கு மட்டுமே உரியது. நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றும் பெட்டியின் வேகத்தை ஏறக்குறைய முழுவதும் தணிப்பது வெப்பக் கவசத்தில் மோதும் காற்றுதான். சுற்றுப்பாதையிலிருந்து இறக்கும் கட்டளை ஒரே ஒரு நொடி பிந்தினாலும், விழும் இடம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். விண்ணிலிருந்து மீண்டுவரும் இஸ்ரோவின் 550 கிலோ எடையுள்ள சோதனைக் கலமான எஸ்.ஆர்.இ.-1 2007 ஜனவரி 22 அன்று வங்கக்கடலில் இறங்கியது. கடல் விசாலமானது என்பதால் அங்கே இந்தத் துல்லியம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

நிலத்தில் இறக்க வேண்டுமானால், குடை வடிவப் பாராசூட் போதாது. துணி அறைகளில் காற்று புகுந்து சிறகாக விறைத்து நிற்கும் பாராஃபாயில் வேண்டும். அது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் மூன்று மீட்டர் முன்னேறும் என்பதால், ஆறு கிலோமீட்டர் உயரத்தில் விரிந்தால் காற்றற்ற வேளையில் பதினெட்டு கிலோமீட்டர் தொலைவு வரை எட்டலாம். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தைப் பார்த்து, சிறு மோட்டார்கள் இடக்கயிற்றையோ வலக்கயிற்றையோ இழுத்து அதைத் திருப்புகின்றன.

'காற்றற்ற வேளை' என்று எழுதுவது எளிது. நீடாமங்கலத்தில் எங்கள் குறுவை வயலில் ஓர் ஆடிக் காலையில் வானிலை பலூனின் பெட்டி ஒன்று கிடந்தது: கிழிந்த ரப்பர், கையகலத் தெர்மோகோல், நெற்பயிரில் சுற்றிக்கொண்ட நூல், நனைந்த சின்னப் பாராசூட். கிழக்கே காரைக்காலில் பறக்கவிட்டதாகத்தான் இருக்க வேண்டும். வரப்பில் மேற்கிலிருந்து வீசும் காற்று வேட்டியை இழுக்க, இது கிழக்கேயிருந்து எப்படி வந்தது என்று அப்பா கேட்டார். விடை வானில் உயரே இருக்கிறது. வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-இல் விளக்கிய கிழக்கு ஜெட் காற்று, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே வேகமாகப் பாயும் காற்று, தென்மேற்குப் பருவத்தில் சுமார் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் நேரெதிர்த் திசையில் ஓடுகிறது.

சிறிய பாராஃபாயிலின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் அளவே. முப்பது மீட்டர் வேகத்தில் வரும் அந்த ஜெட்டை எதிர்த்தால், முகம் இலக்கை நோக்கியிருக்க, உடல் பின்னோக்கித்தான் போகும். ஆகவே அதை ஜெட்டுக்குக் கீழே விரிப்பதே நல்லது என்பது என் கருத்து. விரிந்தபின் ஒரு முழு வட்டம் அடித்து, அதற்குள் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிட்டே அது காற்றை அளந்துகொள்கிறது. ஆடியில் எங்கள் பக்கம் இறங்குவதானால், தென்னையையும் மின்கம்பியையும் தவிர்த்து, கடைசியில் தரைக்காற்றை எதிர்த்து மேற்கே முகம் திருப்பி, தரைக்குச் சில மீட்டர் மேலே இரு கயிறுகளையும் ஒருசேர இழுத்து வேகத்தைக் கொல்ல வேண்டும்.