சென்னையில் சிங்கப்பூரைவிட அதிகம் பேர் இருக்கிறார்களா, குறைவா?

தேக்கா கோப்பிக்கடையில் ஒருவர் குறைவு என்பார், இன்னொருவர் அதிகம் என்பார், இருவர் கைப்பேசியிலும் ஆதாரம் இருக்கும். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

2011 கணக்கெடுப்பில் அப்போதைய சென்னை மாநகராட்சிக்குள் சுமார் 46 லட்சம் பேர். அந்த ஆண்டு சிங்கப்பூரில் சுமார் 52 லட்சம். ஆனால் தாம்பரம், ஆவடி என ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்த நகரத்திரளில் 86 லட்சத்துக்கும் மேல்! அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூரையெல்லாம் இணைத்து மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டராக்கினார்கள், ஒரே நாளில் மக்கள்தொகை எகிறியது, யாரும் வீடு மாறவில்லை.

அப்புறம், இந்தியாவில் கிராமமே நகரமாகிவிடும். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேருக்கு விவசாயமல்லாத வேலை, இவ்வளவு இருந்தால் போதும், கணக்கெடுப்பில் அது நகரம், நிர்வாகம் மட்டும் பஞ்சாயத்திடமே இருக்கலாம். இப்படிப்பட்ட ஊர்கள் 2001இல் 1,362, பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 3,900. நகர வளர்ச்சி என்றதும் எல்லாரும் மூட்டைமுடிச்சோடு ரயில் ஏறி வருகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.