ஊர் பெயர் இல்லாத முகவரி

வாசகர் கேள்விகளும் ஆசிரியை பதில்களும்

கேள்வி: எங்கள் தெருப் பையன் ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார். இப்போது லீவில் வந்திருக்கிறார். நேரில் போய் நன்றி சொல்ல ஆசை. ஆனால் நாடகம் போலத் தோன்றுமோ என்று கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்லட்டும் அம்மா?
– கல்லூரி மாணவி, ஆற்காடு

பதில்: தாராளமாகச் சொல், மகளே. அவருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

என் அண்ணன் 1979இல், பதினெட்டு வயதில், மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடிந்து வடக்கே போனதும் அவருடைய முகவரியில் ஊர் பெயர் இல்லாமல் போயிற்று. எண், பெயர், படைப்பிரிவு, கடைசியில் '56 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். அம்மா இன்லேண்டு கவரை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய், "ஐம்பத்தாறு என்பது எந்த ஊர் ஐயா?" என்று கேட்டாள். படை இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது, ராணுவத்தின் அஞ்சல் பிரிவே கடிதத்தைப் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று போஸ்ட்மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. மகன் இருக்கும் ஊர் தெரியாமல் எந்தத் திசையைப் பார்த்து விளக்கேற்றுவது என்பது அவள் கவலை.

1986 ஐப்பசியில் அப்பா இறந்தார். தந்தி அடித்தோம். அண்ணன் மலையிலிருந்து இறங்கி, ஜம்முவுக்கு வந்து, ரயில் மாறி ரயில் ஏறி வீடு சேர்ந்தது ஐந்தாம் நாள். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அடைமழை. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. எதிர்வீட்டு நெசவாளர் தன் வீட்டில் சேர்த்து வைத்திருந்த வறட்டியை எல்லாம் கூடை கூடையாகச் சுமந்துவந்து சுடுகாட்டில் கொடுத்தார். அண்ணன் வந்ததும் இதைச் சொன்னோம். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போனார். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதனால், உன் நன்றியை அந்தப் பையன் லீவு முடிந்து கிளம்பிய மறுநாளிலிருந்து தொடங்கு. அவர் அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வர ஆள் இருக்கிறதா என்று கேள். மனு எழுத வேண்டுமானால் எழுதிக் கொடு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பணியில் இருப்பவர்களின் குடும்பங்களும் உதவிக்கு அங்கே போகலாம். பல வீடுகளுக்கு இது தெரியாது. கூட ஒரு நாள் போய் வா. என் அம்மாவை ஓர் அலுவலகத்தில், "மகன் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். எல்லையில் நிற்பவர் எப்படி வருவார்? படித்த பெண் ஒருத்தி அன்று அவள் பக்கத்தில் நின்றிருந்தால் போதும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இன்னொன்று. ரயிலில் வழியோரம் கறுப்புத் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து வரும் ஜவானைக் கண்டால் நகர்ந்து இடம் கொடு. அவசர லீவில் கிளம்பியவருக்கு டிக்கெட் உறுதியாகி இருக்காது. அண்ணன் அந்த ஐந்து நாளில் பெரும்பாலும் அப்படித்தான் வந்தார்.

கேள்வி: டிசம்பரில் என் மகனுடைய பள்ளியில் கொடி கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். அது எங்கே போகிறது?
– குடும்பத் தலைவி, தேனி

பதில்: டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். 1949 முதல் நடக்கிறது. போரில் கணவரை இழந்தவர்கள், உடல் உறுப்பை இழந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் ஆகியோரின் நலனுக்கு அந்தப் பணம் செலவாகிறது. கொடியின் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. இதை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். பணத்தை அவன் கையாலேயே கொடுக்கட்டும்.

கேள்வி: சண்டை வந்தால்தானே ராணுவத்துக்கு வேலை, மற்ற நாளில் சும்மா இருப்பதற்குச் சம்பளமா என்று என் நண்பர் வாதாடுகிறார். என்ன பதில் சொல்வது?
– ஓய்வுபெற்ற ஊழியர், கரூர்

பதில்: வடக்கே இந்திய, பாகிஸ்தான் படைகள் எதிரெதிரே நிற்கும் பனிமலை சியாச்சின். அங்கே 2003 நவம்பரோடு துப்பாக்கிச் சூடு நின்றுவிட்டது. ஆனாலும் காவலை விட முடியவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,000 அடிக்கும் மேலே இருக்கும் ஒரு காவல் முகாம்மீது பனி சரிந்து விழுந்தது. 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆறாம் நாள் பனியைத் தோண்டியபோது, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவுக்கு உயிர் இருந்தது. டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். நம் படை அங்கே ஏறிய 1984 முதல் அந்த மலையில் குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தவர்களே அதிகம். இதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

அந்த நாட்களில் அண்ணன் டிவியை அணைக்க விடவில்லை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் "நம் பையன்கள், நம் பையன்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 11ஆம் தேதி செய்தி வந்ததும் எழுந்துபோய் முற்றத்து வெயிலில் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டோம். வெகுநேரம் உள்ளே வரவில்லை.