ஆஸ்டியோபதியா, பொடையாட்ரியா: நோயாளி வரும் வழியைப் பார்த்து முடிவெடுங்கள்

லண்டனில் ஏ லெவல் (பள்ளி இறுதிப் படிப்பு) படிக்கும் உங்கள் மகள் ஆஸ்டியோபதி (முதுகு, மூட்டு, தசை வலிகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சை), பொடையாட்ரி (பாதம், கணுக்கால் கோளாறுகளுக்கான சிகிச்சை) இரண்டுக்கும் விண்ணப்பித்திருப்பதாகவும், எதில் வேலை நிலைக்கும் என்று தெரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவ்விரு துறையினரிடமும் நோயாளிகள் எந்த வழியாக வந்து சேர்கிறார்கள் என்பதை வைத்து முடிவெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆஸ்டியோபத்துகளுக்குத் தனி ஒழுங்காற்று மன்றம் உண்டு. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் தனியார் கிளினிக்குகளில் தொழில் செய்பவர்கள். முதுகுவலி, கழுத்துவலி என்று தாமாகவே தேடி வருபவர்கள்தாம் அவர்களுடைய வருமானம். பொடையாட்ரிஸ்டுக்குத் தனியார் தொழிலோடு, அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் சம்பள வேலையும் உண்டு. குடும்ப மருத்துவர்களும் நீரிழிவுப் பிரிவினரும் அங்கே நோயாளிகளை அனுப்புகிறார்கள்.

இவர்கள் ஒருவருக்கொருவர் நோயாளிகளை அனுப்புவது பெரும்பாலும் நேரடிப் பழக்கத்தால் அமைவது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகால் குத்துகிறது என்று வருபவருக்குக் கெண்டைக்கால் தசைகளைத் தளர்த்திப் பயிற்சி கொடுத்தும் வலி குறையாவிட்டால், நடையை ஆராய்ந்து காலணிக்கு ஏற்ற இன்சோல் தருமாறு ஆஸ்டியோபத் பொடையாட்ரிஸ்டுக்குக் கடிதம் எழுதுவார். பாதம் மரத்துப்போகிறது என்று வருபவரின் பாதத்தில் கோளாறு ஏதும் தென்படாமல், இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்குவது தெரிந்தால், முதுகைப் பார்க்கச் சொல்லிப் பொடையாட்ரிஸ்ட் அனுப்புவார். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் புண்ணைக் கண்டால் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு வேலைநாளுக்குள் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது, சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல். எப்படி அனுப்பினாலும் நோயாளியின் சம்மதம் வேண்டும். அதற்காகக் கமிஷன் வாங்குவது தொழில் நெறிக்கு ஒவ்வாது.

ஆகவே, சொந்தமாகக் கிளினிக் நடத்தி, மற்ற மருத்துவத் துறையினரிடம் தானே போய் அறிமுகம் செய்துகொண்டு நம்பிக்கையைச் சம்பாதிக்கும் துணிவு உங்கள் மகளுக்கு இருந்தால் ஆஸ்டியோபதியைத் தயங்காமல் எடுக்கலாம். முதல் ஆண்டுகளில் நிலையான சம்பளமும் மூத்தவர்களின் மேற்பார்வையும் வேண்டுமென்றால் பொடையாட்ரியே பொருத்தம். இங்கிலாந்தில் அது பொதுவாக 3 ஆண்டுப் பட்டம். தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகையும் கிடைக்கிறது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆஸ்டியோபதி பெரும்பாலும் 4 ஆண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பு.

பல்கலைக்கழக ஓப்பன் டேக்கு (சேர விரும்புவோர் வந்து பார்க்கும் நாள்) போகும்போது, கடைசி ஆண்டு மாணவர்கள் எங்கே பயிற்சி பெறுகிறார்கள், நோயாளியை வேறு துறைக்கு அனுப்பும் கடிதத்தை அவர்களே எழுதிப் பழகுகிறார்களா என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.