மலையோடை மீன்களுக்கு வீட்டுக்குள் ஓர் ஓடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்றடித் தொட்டி ஒன்று கைவசம் இருக்கிறது. அதில் ஹில்ஸ்ட்ரீம் லோச் என்னும் மலையோடை மீனை வளர்க்க விரும்புகிறேன். நீரோட்டத்தை எப்படி அமைப்பது? – பொள்ளாச்சி வாசகர்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி என்றால் தாராளமாகப் போதும். இம்மீன்கள் கல்லோடு ஒட்டி மேய்பவை என்பதால், உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் முக்கியம். இத்தொட்டி ஏறத்தாழ 120 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் இட்டபின் நூறு லிட்டர் அளவில் நீர் நிற்கும்.

ஆற்றில் நீர் ஒரே திசையில் ஓடுகிறது. தொட்டியிலும் அப்படியே ஓட வேண்டும். ஒரு முனையில், நீருக்குள் மூழ்கியபடி நீரைத் தள்ளும் இரண்டு பவர்ஹெட் மோட்டார்களையும் எதிர்முனையில் இரண்டு பஞ்சு வடிகட்டிகளையும் வைத்து, இரண்டையும் மணலுக்கு அடியில் செல்லும் பிவிசி குழாய்களால் இணைத்துவிட்டால், மோட்டார் தள்ளும் நீர் கற்களின் மேல் ஓடி, எதிர்முனைப் பஞ்சின் வழியாகக் குழாய்க்குள் புகுந்து, மணலின் அடிவழியே மோட்டாருக்கே திரும்பிவிடும். குழாய்களை அழுத்திச் செருகினாலே போதும். பசை தேவையில்லை, பின்னர் கழற்றிக் கழுவவும் அதுவே வசதி. தொட்டியின் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் சுழல வேண்டும் என்பது கணக்கு. ஆகவே மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் மோட்டார்கள் இரண்டு பொருத்தமானவை. பஞ்சை ஒருபோதும் அகற்றிவிட்டு ஓட்டாதீர்கள். சிறு மீன்கள் குழாய்க்குள் இழுபட்டுவிடும்.

எல்லா இடமும் ஒரே வேகத்தில் ஓடுவதும் நல்லதன்று. பெரிய கற்களைக் குறுக்கே வைத்தால், அவற்றின் பின்புறம் நீர் தணிந்து நிற்கும் இடங்கள் உண்டாகும்; மீன்கள் அங்கே இளைப்பாறும். மேலே மூடி அவசியம், ஏனெனில் ஈரக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு விளிம்புவரை ஏறக்கூடியவை இவை. மின்சாரம் நின்றால் தானாக இயங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் மோட்டார் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்.

எங்கள் ஊர்க் கோடையில் இம்மீன்கள் பிழைக்குமா? தொட்டியில் சிறிய மின்விசிறி வைத்தால் போதும் என்கிறார்கள். – ஈரோடு வாசகர்

இதற்கான பதிலைத் தெரிந்துகொண்ட பிறகே மீன் வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை வியட்நாமைச் சேர்ந்த செவெல்லியா லினியோலாட்டாவும் சீனத்து ஆறுகளைச் சேர்ந்த பியூஃபோர்ட்டியாவும்தாம். இவற்றுக்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரே உகந்தது. நீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளி குறைந்துகொண்டே போகும்: கடல் மட்டத்தில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும்; 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே வேளையில் சூட்டினால் மீனின் உடலியக்கம் விரைந்து, அதன் உயிர்வளித் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலையைத்தான் மீன் தாங்குவதில்லை. நீரோட்டம் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதும் அழகுக்காக அன்று. நீரின் மேற்பரப்பு கலைந்துகொண்டே இருந்தால்தான் காற்று தொடர்ந்து கரையும்.

மின்விசிறி நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. காற்று வறண்டிருக்கும் நாளில் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறைக்கும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அவ்வளவும் குறைக்காது. ஈரோட்டிலும் கரூரிலும் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் நீரே 32 டிகிரியைத் தொடும் என்றால், மின்விசிறி அதை 28க்குத்தான் கொண்டுவரும். அது போதாது. இரவும் பகலும் குளிர்சாதனம் இயங்கும் அறையோ, தொட்டிக்கென்று தனி சில்லரோ (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாதவர்கள் இம்மீனை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பனிக்கட்டிப் பாட்டிலை மிதக்கவிடுவது அவசரத்துக்கு உதவும். அன்றாட வழக்கமாக்கினால் வெப்பநிலை ஏறி இறங்கி மீனை வாட்டும். மோட்டார்களும் நீரைச் சற்றுச் சூடாக்கும் என்பதைச் சில்லரின் திறனைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். குன்னூரிலோ வால்பாறையிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

ஓடும் நீரின் அழகே போதும் என்று கருதினால், இதே அமைப்பில் சற்று மென்மையான ஓட்டமும் மணல் தரையும் வைத்து நம்மூர் அயிரையை வளர்க்கலாம். சமவெளியின் வெப்பத்துக்குப் பழகிய மீன் அது. கூட்டமாக மணலைத் துழாவும்போது பார்க்கவும் நன்றாக இருக்கும்.

போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 1200 காட்டுகிறது. பயன்படுத்தலாமா? – திருப்பூர் வாசகர்

அப்படியே பயன்படுத்த வேண்டாம். மலையோடை நீர் உப்பு குறைந்தது. 100 முதல் 250 வரையுள்ள டிடிஎஸ் நமக்குப் போதும். ஆர்ஓ நீரின் அளவு 50 என்று கொண்டால், அதில் ஏழு பங்குக்குப் போர்வெல் நீர் ஒரு பங்கு சேர்த்தால் 200ஐ ஒட்டி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தூய்மையான மாடியிலிருந்து பிடித்த நீரும், முதல் மழையை வடியவிட்டுவிட்டால், ஆர்ஓ நீருக்கு நிகரானதே. சிறுவாணி நீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தக் கலவை வேலையே இல்லை. குளோரினை மட்டும் ஹைப்போ என்னும் குளோரின் நீக்கி உப்பைக் கொண்டு நீக்கிவிட்டால் போதும். ஆவியாகிக் குறையும் நீரை எப்போதும் ஆர்ஓ நீரால் மட்டுமே ஈடுசெய்யுங்கள், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

என்ன கற்களை இடலாம்? – மதுக்கரை வாசகர்

உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லும் காட்டில் கிடைக்கும் சுக்காங்கல்லும் வேண்டாம். இரண்டும் நீரைக் கடினமாக்கிவிடும். வெங்கச்சங்கல், கருங்கல், வழவழப்பான கூழாங்கல் மூன்றும் நல்லவை. ஐயமிருந்தால் கல்லின் மேல் வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடலாம். பெரிய கற்களை முதலில் தரையில் உறுதியாக வைத்து, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும்.

மீன் எப்போதும் கல்லைச் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் வயிறு ஒட்டிப்போய் இருக்கிறது. ஏன்? – கோவை வாசகர்

சுரண்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதே காரணமாக இருக்கும். கடைகளில் இதைச் ‘சக்கர்’ என்று சொல்லி, தொட்டியைச் சுத்தம் செய்யும் மீனாக விற்பதால் பலரும் புதுத் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள்; அது பல வாரங்களில் மெல்லப் பட்டினியால் இறக்கிறது. இம்மீன் உண்பது வெறும் பச்சைப் பாசியை அன்று; கல்லின் மேல் படியும் நுண்பாசியும் நுண்ணுயிரிகளும் அவற்றினூடே வாழும் சிற்றுயிர்களும் சேர்ந்த மென்படலத்தையே அது மேய்கிறது. அப்படலம் உருவாகக் காலம் வேண்டும். நீர்ப் பரிசோதனையில், கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டத் தொடங்கிய பிறகும் சில வாரங்கள் விளக்கை எரியவிட்டுக் காத்திருந்து மீனை விடுவதே முறை.

மொட்டை மாடியில் வெயில் படும் தொட்டி ஒன்றில், பழைய தொட்டி நீரை ஊற்றிக் கூழாங்கற்களை ஊறவையுங்கள். கொசு புகாதபடி வலையால் மூடுவது கட்டாயம். பாசி படிந்த கற்களை உள்ளே வைத்து, மேய்ந்து முடித்த கற்களை மாடிக்கு அனுப்பும் சுழற்சி நடந்தால் மீனின் வயிறு தேறும். இதனோடு பாசி வில்லை, உறைந்த இரத்தப்புழு, தோல் சீவி வெந்நீரில் மென்மையாக்கிய வெள்ளரித் துண்டு ஆகியவற்றை மாலை வேளையில் சிறிது கொடுக்கலாம். வெள்ளரி மறுநாள் காலைவரை கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்கலாமா? – கோபி வாசகர்

கூடாது. பிற மீன்களுக்குச் செய்வதுபோல் 30 டிகிரிக்கு ஏற்றினால் நோயைவிட மூச்சுத்திணறலே முந்திக்கொள்ளும். செம்பு கலந்த மருந்துகளையும் தவிர்த்துவிட்டு, மற்ற மருந்தைப் பாதி அளவில் தொடங்கிக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். புதிய மீன்களை மூன்று, நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தால் இந்த நிலையே பெரும்பாலும் வராது.

எங்கள் ஓடைகளிலும் கல்லில் ஒட்டும் மீன்கள் உண்டு. அவற்றைப் பிடித்து வளர்க்கலாமா? – வால்பாறை வாசகர்

உங்கள் ஆர்வம் புரிகிறது. இவ்வகை மீன்கள் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் வாழ்கின்றன. 1920இல் மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா வரையறுத்த பவானியா என்ற பேரினம் பவானி ஆற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. இருப்பினும், ஆனைமலைப் புலிகள் காப்பகத்திலும் காப்புக்காடுகளிலும் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு: ஒரு சிற்றோடைக்குள்ளேயே அடங்கி வாழும் கூட்டத்திலிருந்து பத்து மீன்களை எடுத்தாலும் அந்த ஓடைக்கு அது பேரிழப்பாகலாம். அங்கேயே கரையிலிருந்து பாருங்கள். வளர்ப்பதற்கு, தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட செவெல்லியாக்களை ஐந்தாறு எண்ணிக்கையில் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கிய எந்த மீனையும் எக்காரணத்துக்காகவும் ஆழியாற்றிலோ ஓடைகளிலோ விட்டுவிடாதீர்கள்; வளர்க்க இயலாமல் போனால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.